இரண்டு நிமிட வேலை

"ரெண்டு நிமிஷ வேலை. ஒரு ஃபைல்ல ஒரு நம்பரை மாத்திட்டு வந்துடுங்க" என்றார் எங்கள் கம்பெனி மேனேஜர். இந்த மனுஷன் சொல்வதைப் பதினாறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். அது என் தப்புதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நான் லீவு போட்டிருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணி ரயிலில் என் மகள் வேலைக்குச் சேரப் புறப்படுகிறாள். முதல் வேலை. இரண்டு நாள் பயணம். இரண்டு வருடத்துக்கு ஊர் திரும்ப மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையே கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரே பெண். "மூணு மணிக்குள்ள வந்துடுவீங்கல்ல?" என்று மனைவி மூன்று தடவை கேட்டாள். "என்ன மலையையா புரட்டப் போறேன்? ரெண்டு நிமிஷ வேலை" என்று மேனேஜரின் வாய்ச்சொல்லை அப்படியே ஒப்பித்துவிட்டு, மகளின் பெட்டிக்குப் புதுப் பூட்டு ஒன்று மாட்டி, இழுத்துப் பார்த்து, கிளம்பிவிட்டேன்.

போன இடத்துக்கு அளவு நிர்ணய நிலையம் என்று பெயர். வாளி எவ்வளவு ஆழம் இருக்கலாம், நோட்டுப் புத்தகத்துக்கு எத்தனை பக்கம், குடைக்கு எத்தனை கம்பி என்பதையெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்கிற இடம். ஏழு மாடி. உள்ளே எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நாற்காலியில் 'உயரம் நாற்பத்தைந்து செ.மீ., சரிபார்க்கப்பட்டது'. கதவில் 'திறப்பு எண்பது செ.மீ., சரிபார்க்கப்பட்டது'. குடிதண்ணீர்க் குழாயருகே தொங்கிய டம்ளரிலும் ஒட்டியிருந்தது. டம்ளரில் ஓர் ஓட்டை. ஓட்டையின் அளவும் சரிபார்க்கப்பட்டிருந்தது.

வாசல் காவலர் என் செல்போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டி, பதினேழாம் நம்பர் டோக்கன் கொடுத்தார். கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார். பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பியது. அதன் அடியில் 'உள்ளே இருப்போர்: 4312' என்று அச்சாகியிருந்தது.

"இவ்வளவு பேரா உள்ள வந்திருக்காங்க?" என்றேன். தெரு வெறிச்சென்றிருந்தது. மணி ஒன்பதரை.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார் காவலர். சொல்லி முடிப்பதற்குள் அவர் முன்னிருந்த திரை பளிச்சென்று ஒரு தடவை மின்னி அணைந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நேத்து பதினொன்னே முக்காலுக்குத்தான் போச்சு. இன்னிக்கு உங்களோட போயிடுச்சு. அதைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? போங்க, நாலாவது மாடி."

சர்வர் அறையில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இந்த ரக இயந்திரங்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று, அவை மழுப்பாது. என்ன கோளாறென்று தேடினால் பதிவேட்டில் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கும். இதுவும் எழுதியிருந்தது: நினைவகம் ஒதுக்க முடியவில்லை.

விஷயம் சின்னது. எந்தப் புரோகிராமுக்கும் வேலை பார்க்க இடம் வேண்டும், அந்த இடம்தான் நினைவகம். ஒன்றே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு போட்டு வைக்கலாம். வாசலைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி என்று போட்டிருந்தார்கள். பதினேழு வருடத்துக்கு முன்பு இயந்திரத்திடம் இருந்ததே ஒரு ஜிபிதான், அப்போது அது நியாயம். இப்போது நிற்கிற இயந்திரத்தில் அறுபத்து நான்கு ஜிபி இருக்கிறது. வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டு, எல்லோரும் பழைய சமையலறை அளவு இடத்திலேயே படுக்க வேண்டும் என்று சொல்வது மாதிரி.

அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டும் ஏன் நிரம்பியது என்று இன்னும் கொஞ்சம் தோண்டினேன். உள்ளே இருக்கும் வருகையாளர் ஒவ்வொருவரின் படத்தையும் புரோகிராம் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே போகும் சீட்டு அச்சானதும் அந்தப் படத்தை விட்டுவிடும். இதுவரைக்கும் சரிதான். ஆனால் பிரிண்டர் மக்கர் செய்த நாட்களில் காவலர் கையால் சீட்டெழுதி ஆட்களை அனுப்பியிருக்கிறார். வெளியே போகக் கையால் எழுதிய சீட்டை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. ஆகவே என்றைக்கோ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிய நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேர், இயந்திரத்தைப் பொறுத்தவரை இன்னும் இந்தக் கட்டடத்துக்குள்தான் நிற்கிறார்கள். அந்த நெரிசலில் கடைசியாக முண்டியடித்து நுழைந்த முகம் என்னுடையது. அதோடு இடம் தீர்ந்துவிட்டது.

ஐந்நூற்றுப் பன்னிரண்டை நாலாயிரம் என்று மாற்றினால் இப்போதைக்குப் போதும். மேனேஜர் சொன்னது உண்மைதான். இரண்டு நிமிட வேலை.

அந்த ஃபைலைத் தொட இயந்திரத்தின் தலைமைப் பாஸ்வேர்டு வேண்டும். நிலையத்தின் வழக்கப்படி அதை இரண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். முதல் எட்டு எழுத்து துணை இயக்குநர் அம்மாவிடம், அடுத்த எட்டு எழுத்து பாதுகாப்பு அதிகாரியிடம். நான் மனசுக்குள் அவர்களுக்கு முன்பாதி, பின்பாதி என்று பெயர் வைத்துக்கொண்டேன். இருவருக்கும் பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வந்தார்கள். முன்பாதி தட்டச்சு செய்யும்போது பின்பாதி சுவரைப் பார்த்து நின்றார். பின்பாதி தட்டச்சு செய்யும்போது முன்பாதி சுவரைப் பார்த்து நின்றார். நான் இரண்டு தடவையும் சுவரைப் பார்த்தேன்.

தவறு என்றது இயந்திரம்.

"என் பாதி சரி" என்றார் முன்பாதி, சுவரிடம்.

"என்னுது தப்பாறதுக்கு வாய்ப்பே இல்லன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் பின்பாதி, என்னிடம்.

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் தவறு. மூன்றாவது தடவையும் தவறானதும் இயந்திரம் தன்னைப் பூட்டிக்கொண்டது. மூன்று தவறுக்கு எட்டு மணி நேரம் என்று அதற்கும் ஓர் அளவு நிர்ணயித்திருந்தார்கள். பொறுப்பதிகாரிகள் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டும் பூட்டை முன்கூட்டியே எடுக்கலாமாம். சேர்ந்து கையெழுத்திடுவதற்கு முதலில் பேச வேண்டும்.

"கடைசியா எப்பம்மா பாஸ்வேர்டை மாத்தினீங்க?" என்று முன்பாதியைக் கேட்டேன்.

"நேத்து. தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை மாத்தணும், அது விதி."

"மெஷின்லயா மாத்தினீங்க?"

"மெஷின்ல மாத்தணும்னா அவரு வரணும். என் டைரியில மாத்திட்டேன்."

பின்பாதியைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் நேற்றுத்தான், தன் டைரியில் மாற்றியிருந்தார். பழைய பாதியைப் போட்டால் போதுமே என்றேன். பழையதைக் கிழித்து எரித்தாயிற்று, எரித்ததற்குச் சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பதினொரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து பேசியது அந்த ஒரு வாக்கியமாகத்தான் இருக்கும்.

சரி, தொலையட்டும், நாளைக்கு வந்து பார்ப்போம் என்று கீழே இறங்கினேன். வாசலுக்குப் பதினைந்தடி முன்பே ஒரு மஞ்சள் கோடு. காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளிய போற சீட்டு சார்?"

"மெஷின்தான் செத்துக் கெடக்கே. கையால எழுதிக் குடுங்க."

"இன்னியிலேருந்து கைச்சீட்டு கிடையாது சார். காலையில சுத்தறிக்கை வந்திருக்கு."

அவர் பேசிக்கொண்டே ஒரு ஆளுக்கு உள்ளே வரும் சீட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். தோளில் கருவிப் பையோடு லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்.

"இவருக்கு மட்டும் எழுதறீங்களே?"

"இது உள்ள வர்றதுக்கு சார். சுத்தறிக்கை வெளிய போறதைப் பத்தி மட்டும்தான் சொல்லுது." காவலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

இரண்டாவது மாடியில் வருகையாளர் கூடம் என்று ஒன்று இருந்தது. மதியத்துக்குள் அதில் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டோம். தன் சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்த வந்த அம்மா ஒருவர், லிஃப்டைப் பார்த்து முடித்துவிட்ட மெக்கானிக், மற்றும் பலர். யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. வெளியே போக முடியாது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் நாற்பத்தைந்து செ.மீ.தான்.

கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் மகளின் பெட்டிச் சாவி. காலையில் பூட்டை மாட்டிச் சோதித்தவன், அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். உபரிச் சாவியும் அதே வளையத்தில் தொங்கியது. ரயில் டிக்கெட்டும் வேலை உத்தரவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று வைக்கச் சொன்னவனும் நான்தான்.

முன்பாதியின் மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. கெஞ்சினேன். "தொண்ணூறு விநாடி" என்றார். அலுவலகப் பேச்சுக்கு அதுதான் அளவாம், அவர்களே நிர்ணயித்தது. மனைவி எடுத்தாள்.

"சாவி என்கிட்ட இருக்கு" என்றேன்.

"நாங்க வீட்டையே தலைகீழாப் பொரட்டிட்டு இருக்கோம். இப்பத்தான் சொல்றீங்க. சரி, கெளம்பி வாங்க."

"வர முடியாது. விட மாட்டேங்கறாங்க."

"யாரு விட மாட்டேங்கறா? என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பூட்டை உடைச்சுடுங்களேன்."

"உடைக்கிற பூட்டாவா போட்டீங்க? பக்கத்து வீட்டுக்காரர் சுத்தியலால அடிச்சுப் பாத்துட்டாரு. சுத்தியல் பிடிதான் கழண்டுச்சு."

அவளிடமிருந்து மகள் போனை வாங்கினாள். "அப்பா, ஸ்டேஷனுக்குப் போற வழிதானே, நான் நாலரைக்குப் பெட்டியோட ஆட்டோல அங்க வந்துடறேன், அம்மா நேரா ஸ்டேஷனுக்கு வந்துடட்டும். வாசல்ல வாங்கிக்கறேன்."

"வா பாப்பா. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ, எக்காரணம் கொண்டும்..." தொண்ணூறு விநாடி முடிந்து போன் செத்துப்போனது. இன்னொரு தடவை பேச முப்பது நாள் கழியணும் என்றார் முன்பாதி.

இரண்டு மணிக்கு இயக்குநர் தலைமையில் குழு கூடியது. நீள மேசை, பதினான்கு பேர், பதினான்கு தண்ணீர்க் குப்பி. நான் நின்றுகொண்டு விளக்கினேன். அறுபத்து நான்கு ஜிபி இருக்கிறது, அரை ஜிபிதான் விட்டிருக்கிறோம், மிச்சம் சும்மா கிடக்கிறது என்றேன்.

"சும்மா கிடக்கிறதால கெட்டுப்போகுதா?" என்றார் இயக்குநர்.

"இல்லைங்க."

"அப்ப கிடக்கட்டும். இந்த நிலையத்துல எத்தனையோ பேர்... எத்தனையோ பொருள் சும்மாதான் இருக்கு. யாரும் புகார் சொன்னதில்ல." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஒரு சிற்றுரை ஆற்றினார். "தம்பி, அளவுங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவர் ஐந்நூத்திப் பன்னிரண்டுன்னு ஒரு அளவு போட்டுட்டுப் போனார். ஏன் போட்டார்னு எனக்குத் தெரியாது. தெரியாததை மாத்தக் கூடாதுங்கறது என் கொள்கை. தெரிஞ்சதை மாத்த வேண்டிய அவசியம் வந்ததே இல்ல. இப்படித்தான் இருபத்தியாறு வருஷம் ஒரு தப்பும் பண்ணாம இந்த நாற்காலி வரைக்கும் வந்திருக்கேன். இன்னிக்கு வாசல் புரோகிராம் கேக்குதுன்னு கொடுத்தா, நாளைக்குச் சம்பளப் புரோகிராம் வந்து நிக்கும். அப்புறம் கேண்டீன் புரோகிராம். கேக்கறவனுக்கெல்லாம் கொடுத்தா அதுக்கு எதுக்கு நிலையம்? கேட்டும் கொடுக்காம இருக்கிறதுக்குத்தான் நிலையம்." கை தட்டினார்கள். கைதட்டலுக்கும் ஓர் அளவு இருந்திருக்க வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

"சரிங்க, வரம்பைத் தொட வேண்டாம்" என்றேன். "அந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரும் வெளிய போயிட்டாங்கன்னு பதிவை மூடிடலாம். இடம் தானா காலியாயிடும். அதுக்குத் தலைமைப் பாஸ்வேர்டுகூட வேண்டாம்."

"அவங்க வெளிய போனதா மெஷின் சொல்லுதா?"

"மெஷின் சொல்லலைங்க. ஆனா நாம பாக்கறோமே, இங்க யாரும் இல்ல."

"நீங்க எல்லா ரூமும் பாத்தீங்களா?"

எல்லா அறையையும் நான் பார்க்கவில்லைதான். உடனே ஐந்து பேர் கொண்ட தேடுதல் குழு அமைக்கப்பட்டது. மாடி மாடியாகப் போனார்கள். அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். கழிப்பறைக் கதவுகளைத் தட்டி, உள்ளே இருந்தவர்களிடம் அடையாள அட்டை கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தார்கள். மூன்றரைக்கு அறிக்கை வந்தது. 'மேற்படி 4311 பேரில் எவரும் கண்ணில் படவில்லை. எனினும் அவர்கள் வெளியேறியதற்கு ஆதாரம் இல்லாததால், உள்ளே இருப்பதாகவே கொள்ளப்படுகிறது.' கூடவே பின்குறிப்பாக, இத்தனை பேருக்கு இருக்கிற கழிப்பறை போதாது, மேலும் எண்பத்தாறு கட்ட வேண்டும் என்றும் பரிந்துரைத்திருந்தார்கள்.

நான் பின்பாதியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். ஆளை விட வேண்டாம், ஒரு சாவியை மட்டும் வெளியே அனுப்பலாமா?

"பொருள் வெளிய போக பொருள் சீட்டு வேணும். அதுவும் மெஷின்தான் அடிக்கும்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது போகட்டும், உள்ள வரும்போது சாவின்னு பதிவு பண்ணீங்களா? உள்ள வந்ததாவே பதிவு இல்லாத சாவி எப்படிங்க வெளிய போகும்?"

கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பதினெட்டுப் பேர் முன்னால் அழக் கூடாதென்று டோக்கனை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போன முதல் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன், பட்டம் வாங்கிய அன்றும் எங்கேயோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. இன்றைக்காவது பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே நின்று, சாப்பிடு, தூங்கு, உடம்பைப் பார்த்துக்கோ என்று எல்லா அப்பன்களும் சொல்வதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாசமாக நினைத்திருந்தேன்.

"சார், அங்க நிக்கறது உங்க பொண்ணா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

கூடத்துச் சன்னல் வாசலுக்கு நேர் மேலே இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஆட்டோ நிற்கிறது, பின்சீட்டில் பெட்டி. மகள் காவலரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். காவலர் நல்ல மனுஷன் அல்லவா, சிரித்த முகமாக நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். கைச்சீட்டுப் புத்தகத்தை எடுக்கிறார். பேனா மூடியைக் கழற்றுகிறார்.

சன்னலைத் தள்ளினேன். பத்து செ.மீ.தான் திறந்தது, சரிபார்க்கப்பட்டிருந்தது. அந்த இடுக்கில் வாயை வைத்து, பிறந்ததிலிருந்து அவளிடம் காட்டாத ஒரு குரலில் கத்தினேன்.

"பாப்பா, உள்ள வராதே."

அவள் அண்ணாந்து பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. நான் கோபப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"எதுலயும் கையெழுத்துப் போடாதே. பின்னாடி போ. ஆட்டோகிட்டப் போ."

"என்னப்பா ஆச்சு? சாவியை வாங்கிட்டுப் போயிடலாம், ரெண்டு நிமிஷம்தானாம், இவர் சொல்றார்."

"என்கிட்டயும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னாங்க."

என் மகள் புத்திசாலி, அவள் அம்மா மாதிரி. காவலர் நீட்டிய பேனாவை வாங்காமல் நாலடி பின்னால் போய்த் தெருவில் நின்றாள். நான் சன்னல் இடுக்கில் தோள்வரை கையைவிட்டு, சாவி வளையத்தை வீசினேன். அது வாசல் கம்பிமேல் ஒரு தடவை பட்டு, துள்ளி, தெருவில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

"போ. மணியாச்சு."

"நீங்கப்பா?"

"நான் பின்னாடியே வரேன். சாப்பிடு. உடம்பைப் பாத்துக்கோ."

ஆட்டோ திரும்பித் தெருமுனை தாண்டும் வரைக்கும் என் கையை நான் உள்ளே இழுக்கவில்லை. இழுத்துத் திரும்பினால் பின்பாதி நிற்கிறார். கையில் நோட்டு, இன்னொரு கையில் கடிகாரம்.

"நான்கு நாற்பத்தி ரெண்டு" என்று எழுதிக்கொண்டார். "இந்த நிலையத்துலேருந்து சீட்டில்லாம ஒரு பொருள் வெளிய போறது இதுதான் முதல் தடவை." குரலில் அப்படியொரு நிறைவு. இத்தனை வருட உத்தியோகத்தில் அவருக்கு ஒரு குற்றம்கூடக் கிடைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏழு நிமிடத்தில் குழு கூடிவிட்டது. காலையில் என்னை இரண்டு மணி வரை காக்க வைத்த அதே குழு. இயக்குநர் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"குற்றத்தை உடனே மெஷின்ல ஏத்தணும். பதிவு இல்லாட்டி அது நடந்ததாவே ஆகாது" என்றார். "இதுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

"ஐயா, நாலாயிரம்னு போட்டா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு குற்றத்துக்கு எவ்வளவு வேணும்?"

"ஒரு எம்பி போதும்" என்றேன்.

முன்பாதியும் பின்பாதியும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டு இயந்திரத்தின் பூட்டை எடுத்தார்கள். இருவரும் பழைய பாஸ்வேர்டை மடமடவென்று தட்டினார்கள். முதல் தடவையே சரி. "எரிச்சுட்டதாச் சொன்னீங்களே?" என்றேன். "குற்றம்னு வந்தா ஞாபகம் வந்துடும்" என்றார் முன்பாதி. ஐந்நூற்றுப் பன்னிரண்டை அழித்து ஐந்நூற்றுப் பதின்மூன்று என்று நான்தான் என் கையால் அடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். ஒன்றே முக்கால் நிமிடம் ஆயிற்று.

வாசல் புரோகிராம் எழுந்து உட்கார்ந்தது. முதல் வேலையாக என் குற்றத்தை ஏற்றினார்கள். மிச்சம் கொஞ்சம் இடம் இருந்தது. கைச்சீட்டில் வந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றி, சீட்டடித்து, வெளியே அனுப்பினார் காவலர். ஒருவர் போகப் போக அவர் இடம் அடுத்தவருக்குக் கிடைத்தது. பிறந்த தேதி அம்மா போனார். லிஃப்ட் மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க புண்ணியத்துல வீட்டுக்குப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார். அவரை நான் தப்புச் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

கடைசியாக நான் மஞ்சள் கோட்டருகே போய் நின்றேன். காவலர் என் எண்ணை அடித்தார். பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பியது. அதை அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"வெளிய போக அனுமதி இல்லன்னு வருது சார். விசாரணை நிலுவையாம்."

"எப்ப விசாரணை?"

"சாட்சி எல்லாரையும் விசாரிச்ச பிறகுதான்."

"பாத்தது பாதுகாப்பு அதிகாரி ஒருத்தர்தானே?"

காவலர் சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "குற்றம் நடந்த நேரத்துல கட்டடத்துக்குள்ள இருந்த வருகையாளர் எல்லாரும் சாட்சிதான்னு விதி சார். கைச்சீட்டுல வந்தவங்க குற்றத்துக்கு அப்புறம்தான் மெஷின்ல ஏறினாங்க, அதனால அவங்க இல்ல. நாலாயிரத்து முந்நூத்திப் பதினொரு பேர்."

சர்க்கரை போடாத டீ ஒன்று வாங்கிக் கொடுத்துத் தன் அறையிலேயே என்னை உட்கார வைத்தார். மணி ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது. அலமாரிக்குள் என் செல்போன் அடித்தது. பதினேழாம் நம்பர் டோக்கனை நீட்டினேன். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொண்ணூறு என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"அப்பா, பெட்டி தொறந்துடுச்சு. டிக்கெட் கையில இருக்கு. ஏறி உக்காந்துட்டேன், சன்னல் சீட்டு." பின்னால் ஜனங்களின் இரைச்சல், யாரோ வண்டி எண்ணை அறிவிக்கிறார்கள். "நீங்க வந்துடுவீங்கன்னு அம்மா பிளாட்பாரத்துல வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறா. வண்டி இன்னும் எடுக்கல. எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

என் கையில் அந்தச் சீட்டு இருந்தது. அதன் அடியில், காலையில் பார்த்த அதே இடத்தில், 'உள்ளே இருப்போர்: 4312' என்று அச்சாகியிருந்தது.

"ரெண்டு நிமிஷம் பாப்பா" என்றேன்.